மறிச்சுக்கட்டியின் முத்தும் மரமும்

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரிவில், கடலுக்கும் காட்டுக்கும் இடையே அமைந்த சிற்றூர் மறிச்சுக்கட்டி. மேற்கே மன்னார்க் குடாக்கடல் விரிந்து கிடக்கிறது. பின்புறத்தில் பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காடு நிற்கிறது. மோதரகம் ஆற்றைக் கடந்தால் வில்பத்து வனம். வடக்கே கரையோரமாகச் சென்றால் கொண்டச்சி, சிலாவத்துறை, அரிப்பு என்னும் ஊர்கள் வருகின்றன. முத்துக் குளிப்பின் வரலாற்றைப் படித்தோர்க்கு இப்பெயர்கள் புதியன அல்ல. மறிச்சுக்கட்டி என்னும் பெயரும் ஒரு காலத்தில் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் அச்சான நூல்களில் இடம்பெற்றது. அப்பெயரைக் கடல் கடத்தியது முத்து. அவ்வூரின் மரங்களையும் அவற்றைச் சார்ந்து வாழும் பூச்சிகளையும் பற்றி எழுதியவர் மிகச் சிலர். அரசின் பணமும் அறிஞரின் கண்ணும் எப்பக்கம் திரும்பின, எப்பக்கம் திரும்பவில்லை என்பதை அறிய விரும்புவோர்க்கு இச்சிற்றூர் தக்கதோர் எடுத்துக்காட்டு.

மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிப் பார்கள் ஆண்டுதோறும் விளைபவை அல்ல. சில ஆண்டு கொழிக்கும். பல ஆண்டு வெறுமையாகக் கிடக்கும். 1891 ஆம் ஆண்டுச் சலாபத்துக்குப் பின்னர் பத்தாண்டுக்கு மேல் கடல் கைவிரித்தது. வருவாயை இழந்த இலங்கை அரசாங்கம் இதன் காரணத்தை அறிய விரும்பி, லிவர்ப்பூல் நகரத்துப் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் என்பவரை அரச செலவில் வரவழைத்தது. அவர் 1902 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்து, பார்களைக் கப்பலில் சுற்றி ஆராய்ந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். ஆராய்ச்சியின் பயன் 1903 முதல் 1906 வரை இலண்டன் ரோயல் சங்கத்தின் வெளியீடாக ஐந்து பெருந்தொகுதிகளில் வந்தது. ஒரு கடற்கரையின் ஓர் உயிரினத்தை மையமாகக் கொண்டு இத்துணை விரிவான ஆய்வு அக்காலத்தில் அரிது.

அத்தொகுதிகளில் கூறப்பட்ட கருத்தொன்று பலரையும் வியக்கச் செய்தது. சிப்பியின் உடலிற் புகும் நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுற்றியே நல்முத்து உருவாகிறது என்றும், அப்புழு திருக்கை மீனின் குடலை அடைந்து வளர்ச்சி நிறைவுறுகிறது என்றும் ஹேர்ட்மனும் ஹோர்னெலும் கருதினர். சிப்பியைத் திருக்கை தின்ன, புழு திருக்கையிற் குடியேற, அதன் முட்டைகள் மீண்டும் கடலிற் பரவ, முத்து என்னும் அணிகலன் மூன்று உயிர்களின் நீண்ட உறவிலிருந்து தோன்றுவதாக அவர்கள் கண்டனர். பின்வந்த ஆய்வாளர் இக்கொள்கையை ஏற்கவில்லை. சிப்பியின் மேற்போர்வைத் திசுவிலுள்ள உயிரணுக்கள் உள்ளே இடம்பெயர்ந்து பையாக அமைவதே முத்துக்கு அடிப்படை என்பது இன்றைய தெளிவு. ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி வீணாகிவிடவில்லை. ஓர் உயிர் மற்றோர் உயிரை எவ்வாறு சார்கிறது, அச்சார்பு தலைமுறைதோறும் இரண்டையும் எவ்வாறு மாற்றுகிறது என்னும் கேள்வி அது. இன்று அத்துறையைக் கூர்ப்புச் சூழலியல் என்பர். கூர்ப்பாவது உயிர்கள் வழிவழியாக மாறிவந்த வரலாறு. சூழலியலாவது அவை ஒன்றோடொன்று வாழும் வாழ்க்கை. இவ்விரண்டையும் இணைத்துக் காண்பதே அத்துறையின் நோக்கம்.

கடல் மீண்டும் கொடுத்தது. 1903 முதல் 1907 வரை தொடர்ந்து சலாபம் நடைபெற்றது. மறிச்சுக்கட்டிக் கரையில் ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரமே எழுந்தது. கீழக்கரை, காயல்பட்டினம், தூத்துக்குடி ஆகிய ஊர்களிலிருந்தும், பாரசீகக் குடாவின் அரபு நாடுகளிலிருந்தும் குளியாளரும் வணிகரும் வந்து குவிந்தனர். 1905 ஆம் ஆண்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கம் பெற்ற வருவாய் ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபா. 1906 இல் சலாபப் பணிக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப், பிற்காலத்தில் தமது தன்வரலாற்று நூலில் அக்காட்சியை எழுதி வைத்தார். அதே ஆண்டில் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனி எடுத்துக்கொண்டது. 1907 உடன் கடல் மறுபடியும் வறண்டது. அடுத்த சலாபம் 1925 ஆம் ஆண்டுக்கு முன் நடைபெறவில்லை. ஓலை நகரம் மணலில் மறைந்தது. ஹோர்னெல் சென்னை மாகாணத்துக்குச் சென்று அங்கு மீன்வளத் துறையின் தலைவராக உயர்ந்தார். அறிஞர் போயினர், அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்ற காடு மட்டும் அப்படியே நின்றது.

இவ்வழக்கம் மறிச்சுக்கட்டிக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்து இலங்கை எங்கும் இதுவே முறையாயிருந்தது. மலைநாட்டிற் செழித்த கோப்பிப் பயிரில் 1869 ஆம் ஆண்டில் இலைநோய் காணப்பட்டது. இலையின் அடியிற் செம்மஞ்சள் தூளாகப் படர்ந்த அந்நோய், தோட்டம் தோட்டமாகக் கோப்பியை அழித்தது. அழிவு பெரும்பகுதி நிகழ்ந்த பின்னர், 1880 இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் அரசாங்கத்தால் அனுப்பப்பட்டு, இரண்டு ஆண்டு இங்கிருந்து ஆராய்ந்தார். நோய்க்குக் காரணமான பங்கசின் வித்திகள் காற்றிற் பரவுவதை அவர் நிறுவினார். காடழித்து ஒரே பயிரை மலை மலையாக நட்டதே நோய்க்கு வழி திறந்தது என்பதும் அவர் ஆய்விலிருந்து விளங்கியது. மருந்து கண்டிலர். ஆயினும் இங்கே கற்ற பாடம் அவரைத் தாவர நோயியலின் முன்னோடிகளுள் ஒருவராக்கியது. பின்னர் அவர் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானார். கோப்பித் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்நாளில் எழுத்தறியும் வாய்ப்பே அரிதாயிருந்தது என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

அதற்கு முன்னரே இத்தீவின் தாவரங்கள் உலக விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்துக்கு 1849 முதல் 1880 வரை தலைமை வகித்த துவைற்ஸ், சாள்ஸ் டார்வினுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஒரே இனச் செடியில் இருவகைப் பூக்கள் அமைவது எதற்காக, பூச்சிகள் மகரந்தத்தை மாற்றிக் கொண்டு செல்வதற்கும் இவ்வமைப்புக்கும் என்ன தொடர்பு என்று டார்வின் ஆராய்ந்தபோது, துவைற்ஸ் இங்கிருந்து உலர்த்திய பூக்களை அனுப்பினார். 1877 இல் டார்வின் வெளியிட்ட பூக்களின் வேறுபட்ட வடிவங்கள் பற்றிய நூலில் அவை இடம்பெற்றன. பூ இங்கே மலர்ந்தது. வினா அங்கே எழுந்தது. விடையும் அங்கேயே எழுதப்பட்டது.

கோப்பிக்குப் பின் தேயிலை வந்தது. தேயிலையுடன் பூச்சி பற்றிய கல்வியும் வந்தது. கொழும்பிற் பிறந்த ஆங்கிலேயரான ஏனெஸ்ற் கிறீன், தோட்டக்காரராயிருந்து பூச்சி ஆராய்ச்சியில் ஈடுபட்டு, பின் இலங்கையின் அரசாங்கப் பூச்சியியலாளரானார். இலங்கையின் செதிற்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1896 இல் தொடங்கி 1922 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் காலத்தில் தோட்டங்களைக் கலக்கிய பகை, தேயிலைக் கொப்பைத் துளைக்கும் சிறு வண்டு. எள்ளளவே உள்ள அவ்வண்டு 1868 ஆம் ஆண்டிலேயே இலங்கையிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு ஐரோப்பாவில் விவரிக்கப்பட்டு, விஞ்ஞானப் பெயரும் பெற்றிருந்தது.

அவ்வண்டின் வாழ்க்கை விந்தையானது. அது மரத்தைத் துளைக்கிறதே தவிர மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு தன் வாயருகேயுள்ள நுண்ணிய பைகளில் ஒருவகைப் பங்கசைச் சுமந்து வருகிறது. துளையின் சுவரில் அதை விதைக்கிறது. முளைத்த பங்கசையே தானும் உண்டு, குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. உழவன் வயலிற் பயிரிடுவது போல வண்டு மரத்திற் பயிரிடுகிறது. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் ஆகிய இருவரும் 1947 இல் அப்பங்கசை விவரித்தனர். அண்மைக் காலத்தில் இவ்வண்டின் நெருங்கிய உறவினங்கள் கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் தென்னாபிரிக்காவிலும் புகுந்து, அவகாடோ மரங்களையும் வீதியோர நிழல்மரங்களையும் பட்டுப்போகச் செய்தன. அப்போது அந்நாட்டு ஆய்வாளர் நாடிச் சென்ற பழைய ஏடுகளுள் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சிகளும் அடங்கும். ஓர் ஊரின் சிறு பூச்சியைப் பொறுமையாகக் கற்றது முக்கால் நூற்றாண்டு கழித்து மூன்று கண்டங்களுக்குப் பயன்பட்டது.

இவையெல்லாம் பிறர் வந்து கற்ற கதைகள். இத்தீவின் பிள்ளைகள் வெளிநாடு சென்று கற்ற கதை வேறொரு வழியில் நடந்தது. சிறந்த மாணவரை அரசாங்கச் செலவில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் புலமைப்பரிசில் 1870 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதனைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்ற தொடக்க காலத்தவருள் பொன்னம்பலம் அருணாசலம் ஒருவர். அவர் சேர்ந்தது கிறைஸ்ற் கல்லூரி. டார்வின் இளமையிற் பயின்ற அதே கல்லூரி. அருணாசலம் சட்டமும் நிருவாகமும் கற்றுத் திரும்பினார். அவருக்குப் பின் சென்றோருட் பெரும்பாலோரும் சட்டம், மருத்துவம், குடியியற் சேவை என்னும் துறைகளையே நாடினர். அதில் வியப்பில்லை. ஆளப்படும் நாட்டில் ஆட்சியின் வாயிலைத் திறக்கும் கல்வியே பெருங்கல்வியாகத் தோன்றும். மரத்தையும் பூச்சியையும் கற்று வந்தவனுக்கு இங்கே இருக்க ஓர் இருக்கை இல்லை.

அவ்விருக்கைக்கும் வழி தேடியவர் அருணாசலமே. மறிச்சுக்கட்டியில் சலாபம் நடந்துகொண்டிருந்த 1906 ஆம் ஆண்டில், இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் நோக்குடன் அமைந்த சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1921 இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. சுதந்திரத்தின் பின் வெளிநாட்டுப் படிப்புக்குப் புதிய வாயில்கள் திறந்தன. 1950 ஜனவரியில் கொழும்பிற் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாட்டிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்து, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 1952 இல் அமெரிக்காவின் புல்பிறைற் திட்டம் இலங்கையிலும் அமைந்தது. 1959 இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் வகுக்கப்பட்டது. வசதியற்ற வீட்டுப் பிள்ளையும் தன் அறிவொன்றையே மூலதனமாகக் கொண்டு கடல் கடந்து கலாநிதிப் பட்டம் பெறலாம் என்னும் நிலை அப்போதுதான் ஏற்பட்டது.

அதே காலத்தில் மரமும் பூச்சியும் பற்றிய கல்வி உலகெங்கும் புத்துயிர் பெற்றது. 1964 இல் எர்லிக், ரேவன் என்னும் அமெரிக்கர் இருவர் வண்ணத்துப்பூச்சிகளின் உணவுத் தாவரங்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். தாவரம் தன்னைக் காக்க நஞ்சையும் நாற்றத்தையும் உண்டாக்குகிறது; பூச்சி அந்நஞ்சைத் தாங்கும் ஆற்றலைப் பெறுகிறது; தாவரம் மேலும் புதிய காப்பைத் தேடுகிறது; இவ்வாறு இரண்டும் ஒன்றையொன்று மாற்றிவந்தன என்பது அவர்கள் முடிபு. இதற்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. எலுமிச்சை, கறிவேப்பிலை, விளா, வில்வம் ஆகியவற்றின் இலையைக் கிள்ளி முகர்ந்தால் ஒவ்வொன்றிலும் காரமான நறுமணம் எழும். இவை ஒரே குடும்பத்துத் தாவரங்கள். எலுமிச்சையில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி மற்றவற்றிலும் முட்டையிடும். தாவரவியலாளர் பூவை அறுத்துப் பார்த்து அறிந்த உறவை அவ்வண்ணத்துப்பூச்சி மணத்தாலே அறிந்து வைத்திருக்கிறது. டானியல் ஜன்சன் என்னும் மாணவர் மெக்சிக்கோவில் வேலமர இனமொன்றையும் அதன் முள்ளிற் குடியிருக்கும் எறும்பையும் தம் கலாநிதிப் படிப்புக்கு எடுத்துக்கொண்டார். எறும்பை நீக்கிய மரங்களைப் பிற பூச்சிகள் தின்று அழித்தன. எறும்புள்ள மரங்கள் தழைத்தன. 1966 இல் வெளிவந்த அவ்வாராய்ச்சி இன்றும் மாணவர்க்குப் பாடம்.

தமிழ் வழக்கிலும் இத்துறைக்கு ஒரு நல்ல நுழைவாயில் உண்டு. அரிய நிகழ்ச்சியை அத்தி பூத்தாற்போல என்பது மரபு. அத்திப்பூவைக் கண்டவரில்லை என்பதே அதன் பொருள். உண்மையில் அத்தியும் ஆலும் அரசும் தவறாமல் பூக்கின்றன. பூக்கள் காயின் உள்ளே மறைந்திருக்கின்றன. காயின் நுனியிலுள்ள நுண்துளை வழியே ஒரு சிறு பெண்குளவி நெருக்கி நுழையும்போது சிறகுகளை இழக்கிறது. உள்ளே மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. குஞ்சுகளுள் சிறகில்லாத ஆண்கள் முதலில் வெளிப்பட்டுப் பெண்களோடு கூடி, வெளியேற வழி துளைத்து இறக்கின்றன. பெண்கள் மகரந்தம் ஏந்திப் பறந்து வேறு மரத்தைத் தேடுகின்றன. அவற்றின் வாழ்நாள் ஓரிரு நாளே. உலகிலுள்ள எழுநூற்றைம்பதுக்கு மேற்பட்ட அத்தியினங்கள் பெரும்பாலும் தத்தமக்குரிய குளவியையே நம்பி நிற்கின்றன. இவ்வுறவு ஏழு கோடி ஆண்டுக்கு மேற்பட்டதென மதிப்பிடப்படுகிறது. அத்திப்பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சியென்று பழமொழி இகழ்கிறது. அப்பூச்சி இல்லையேல் விதையும் இல்லை.

இக்குளவியைக் கற்றவருள் தென்னிந்தியர் சிறப்பிடம் பெறுவர். கே. ஜே. ஜோசப் என்பவர் உண்ணும் அத்தியின் குளவியையும், அக்குளவிக்குப் பகையான மற்றொரு குளவியையும் ஆராய்ந்து எழுதிய விரிவான கட்டுரை 1958 இல் பிரெஞ்சு மொழியில் பிரான்சின் விஞ்ஞான ஏடொன்றில் வெளிவந்தது. பின்னர் அவர் கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, அங்கு மாணவரோடு அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். பிற நாட்டிற் பழகிய கண்ணைக் கொண்டு சொந்த நாட்டு ஆலையும் அத்தியையும் பார்க்கும் ஒரு மரபு இவ்வாறு கேரளத்தில் வேரூன்றியது. மாதவ் காட்கில் 1969 இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். உயிர்களின் வாழ்க்கைப் போக்கை இயற்கைத் தேர்வு எவ்வாறு வகுக்கிறது என்று அவரும் பொசெற் என்பவரும் 1970 இல் எழுதிய கட்டுரை கூர்ப்புச் சூழலியலின் அடிப்படைக் கட்டுரைகளுள் ஒன்று. 1971 இல் தாய்நாடு திரும்பிய அவர், 1983 இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சூழலியல் நிலையத்தை நிறுவினார். அமெரிக்காவின் மியாமிப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்ற றெனே போர்ஜஸ் அந்நிலையத்திற் சேர்ந்து, நம்மூர் அத்திமரத்தையும் அதன் குளவிகளையும் மாணவர் பலரோடு ஆராய்ந்தார். காயை வெளியிலிருந்தே துளைத்து முட்டையிடும் ஒரு குளவியின் ஊசிமுனை துத்தநாகம் ஏறி உறுதிபெற்றிருப்பதை 2014 இல் அதே கழகத்து ஆய்வாளர் கண்டனர். அமெரிக்காவிற் பெற்ற பயிற்சி அத்திமரத்தடிக்கு வந்து சேர்ந்ததால் விளைந்த பயன் இது.

இலங்கையிலும் இத்தகைய முயற்சிகள் எழுந்தன. அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனம் 1960களின் பிற்பகுதியிலிருந்து இலங்கையின் தாவரங்களையும் பூச்சிகளையும் ஆராயும் பெருந்திட்டங்களுக்கு உதவியது. காள் குறொம்பைன் என்பவரின் தலைமையில் பூச்சி சேகரித்தோர் மன்னார் மாவட்டத்துக்கும் வந்தனர். கொண்டச்சிப் பகுதியிற் பிடிபட்ட குளவிகள் அவர்களுடைய ஏடுகளிற் பதிவாகியுள்ளன. பேராதனைப் பேராசிரியர்களான நிமால் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் பீற்றர் அஷ்டன் முதலியோருடன் கூடிச் சிங்கராஜ வனத்தை ஆராய்ந்தனர். 1993 இல் அங்கே 25 ஹெக்டேர் நிலம் அளந்து ஒதுக்கப்பட்டு, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்களும் கன்றுகளும் ஒவ்வொன்றாக எண்ணி இலக்கமிடப்பட்டன. தமிழ்நாட்டின் முதுமலையில் 1988 இலேயே இத்தகைய 50 ஹெக்டேர் ஆய்வுநிலம் அமைந்தது. சிங்கராஜ வனம் மழைக்காடு. மறிச்சுக்கட்டிக் காடோ ஆண்டிற் பல மாதம் மழை காணாத உலர்வலயக் காடு. ஒன்றிற் கண்ட விதி மற்றொன்றுக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

கலாநிதிப் படிப்பாவது யாது என்பதும் பலருக்குத் தெளிவில்லாத செய்தி. அது முன்னோர் கண்டவற்றை மனனம் செய்து பரீட்சை எழுதும் படிப்பன்று. இதுவரை எவரும் விடை காணாத ஒரு கேள்வியைத் தேர்ந்து, தக்க ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைத்து, விடையை நிறுவிக் காட்டுவது. உதவியுடன் கூடிய படிப்பாயின் கல்விக் கட்டணத்தை நிறுவனம் ஏற்கும். உணவுக்கும் உறையுளுக்கும் மாதப்படி வழங்கும். களப்பணிக்கும் பயணத்துக்கும் ஓரளவு பணம் தரும். அமெரிக்காவில் மாணவர் இளநிலை வகுப்புகளுக்குக் கற்பித்தும் அப்படியைப் பெறுவர். யேர்மனியில் பெரும்பாலும் ஊழியர் போல ஒப்பந்தத்தில் அமர்த்தப்படுவர். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்திற் பதிவு செய்துகொண்டு, ஓராண்டு மட்டும் பிரித்தானியாவிற் பயிலும் முறையையும் பொதுநலவாயத் திட்டம் பின்னாளில் ஏற்படுத்தியது. இத்தகைய உதவிகளிற் பலவற்றுக்குச் செல்வாக்கோ சொத்தோ வேண்டியதில்லை. கேள்வியொன்றும் அதை எடுத்துரைக்கும் திறனும் வேண்டும்.

இங்கேதான் வரலாறு ஓர் எச்சரிக்கையைத் தருகிறது. பணம் தருபவர் கேள்வியையும் தந்துவிடுவது எளிது. முத்துக்குப் பணம் இருந்தது. ஆதலால் முத்து ஆராயப்பட்டது. கோப்பிக்கும் தேயிலைக்கும் பணம் இருந்தது; ஆதலால் அவற்றின் நோய்கள் ஆராயப்பட்டன. வெளிநாடு செல்லும் மாணவன் அங்குள்ள ஆய்வுகூடத்தின் கேள்வியையே தன் கேள்வியாக ஏற்று, அங்குள்ள ஓக் மரத்தையும் அதன் புழுவையும் கற்று, அங்கேயே பணி பெற்றுத் தங்கிவிடுவதும் உண்டு. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து சென்ற கல்விமான்கள் பலர் திரும்ப இயலாத நிலையில் புலம்பெயர்ந்து வாழ்ந்ததும் யாவரும் அறிந்ததே. அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. ஆயினும் இழப்பு இழப்பே.

மறிச்சுக்கட்டியின் அண்மைக்கால வரலாறு அவ்விழப்பின் அளவைக் காட்டுகிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, இவ்வூர் மக்களும் வீடும் வயலும் விட்டுச் சென்றனர். ஏறத்தாழ இருபது ஆண்டு இவர்கள் அகதிகளாயிருந்தனர். 2009 இல் போர் முடிந்த பின்னர் திரும்பி வந்தவர்கள், தங்கள் வளவுகளிலும் வயல்களிலும் காடு வளர்ந்திருக்கக் கண்டனர். குடியேற்றத்துக்காக நிலம் துப்புரவு செய்யப்பட்டபோது, வில்பத்துக் காடு அழிகிறதென்ற கூக்குரல் தெற்கில் எழுந்தது. எங்கள் பழைய ஊரே இது என்று மக்கள் கூறினர். 2017 இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி முதலிய பகுதிகளை அடக்கிய நிலம் மாவில்லு பேணற்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வழக்குகளும் ஆர்ப்பாட்டங்களும் தொடர்ந்தன. ஊரை இழந்தவன் துயரும் உண்மை. காட்டை இழக்கும் நாட்டின் கவலையும் உண்மை.

இவ்விரண்டுக்கும் இடையே நின்று பேசத்தக்க அறிவு அப்போது போதிய அளவு இருக்கவில்லை. கைவிட்ட வயலில் இருபது ஆண்டில் முளைத்த காடு எத்தன்மையது? அது பழங்காட்டுக்கு நிகராகுமா, அன்றி முள்ளும் புதருமாய் நின்றுவிடுமா? முதலில் வந்த மரங்கள் யாவை? பறவை உமிழ்ந்த விதையிலிருந்து ஆல் முளைத்தபோது அதன் குளவி எத்தனை தொலைவு பறந்து வந்து சேர்ந்தது? வறண்ட மாதங்களிற் கரடிக்கும் குரங்கிற்கும் உணவாகும் பாலைப்பழம், எப்பூச்சிகள் பூவை நாடி வருவதால் காய்க்கிறது? காடு துண்டுபட்டால் அப்பூச்சிகள் துண்டுக்குத் துண்டு செல்லுமா? பருவந்தோறும் கூடு மாற்றிப் பறக்கும் பெருந்தேனீக்கள் இக்காட்டில் எம்மாதம் தங்குகின்றன? இவற்றுக்கு அளந்து சொல்லும் விடை இருக்குமாயின், எந்நிலத்தை மக்களுக்கு மீட்டுக் கொடுக்கலாம், எந்நிலத்தைக் காடாகவே காக்க வேண்டும் என்பதைக் குரலின் வலிமையால் அன்றிச் சான்றின் வலிமையால் தீர்மானித்திருக்கலாம்.

மன்னார்த் தீவிலும் இத்தகைய கேள்விகள் நிற்கின்றன. அங்குள்ள பெருக்கமரங்கள் ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகரால் கொண்டுவரப்பட்டன என்பது மரபாக வழங்கும் கூற்று. ஆபிரிக்காவில் இம்மரத்தின் பூ இரவில் மலர்ந்து, வௌவால்களையும் பெரிய அந்துப்பூச்சிகளையும் அழைக்கிறது. துணை உயிர்களை விட்டுக் கடல் கடந்து வந்த மரத்துக்கு இங்கே துணையானது எது? வேற்றுமண்ணில் வேரூன்றிய மரம் புதிய சுற்றத்தை எவ்வாறு தேடிக்கொள்கிறது? புலம்பெயர்ந்த மக்களைப் பற்றியும் கேட்கத்தக்க கேள்வி இது. மரத்தைப் பற்றிக் கேட்டால் அது கலாநிதிப் படிப்புக்கு உரிய கேள்வியாகிவிடுகிறது.

ஆகவே வெளிநாட்டுப் புலமைப்பரிசிலைத் தேடும் மாணவனுக்கு வரலாறு கூறும் அறிவுரை சுருக்கமானது. செல்லும்போது கேள்வியை ஊரிலிருந்து எடுத்துச் செல்க. கருவியும் கணிதமும் மரபணுக் கலையும் அங்கே கற்கலாம். மரமும் பூச்சியும் இங்கே உள்ளன. பிற நாட்டுப் பேராசிரியரும் இதனை மறுப்பதில்லை. உலர்வலயக் காடு அவர்களுக்குக் கிடைக்காத ஆய்வுக்களம். அதன் மொழியறிந்த, அதன் வெயிலிற் பழகிய மாணவன் அவர்களுக்கும் அரிய துணைவன்.

பாடசாலைகளுக்கும் இதிற் பங்குண்டு. எம்மரம் எம்மாதம் பூக்கிறது, பூவிற்கு எப்பூச்சி வருகிறது என்று ஒரு பள்ளி மாணவர் பத்தாண்டு தொடர்ந்து குறித்து வைப்பராயின், அக்குறிப்பேடு எந்த ஆய்வாளனுக்கும் மூலதனமாகும். அதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் முசலிக்கு அணித்தாகவே இருக்கின்றன. கற்றுத் திரும்புவோருக்கு இருக்கையும், காட்டினுள் நுழைய அனுமதியும், சிறிதளவு ஆய்வுப் பணமும் அங்கே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். முத்துக்காக ஒரு பேராசிரியரை ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரவழைக்க ஓர் அரசாங்கத்தால் முடிந்தது. அக்கரையிற் பிறந்த பிள்ளையொன்றை மரத்துக்காக அனுப்பி, திரும்பிவரச் செய்வது அதனினும் கடினமான காரியம் அன்று.